எட்டு வெள்ளி

மலேசியாவின் கேமரன் மலையில், பிரிஞ்சாங்கைச் சுற்றியுள்ள ஏதோ ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணவனும் மனைவியும் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு. ஆண்டு 2019. அந்த ஆண்டு ஜனவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,100 ரிங்கிட். இருவருக்கும் அதுதான் கிடைக்கிறது. ஓவர்டைம், போனஸ் எதுவும் இல்லை. ஆக மாதம் 2,200 வெள்ளி. இந்தக் குடும்பம் ஏழைக் குடும்பமா?

அன்றைக்கு நடப்பிலிருந்த அரசாங்கக் கணக்குப்படி, இல்லை. வறுமைக் கோடு 980 ரிங்கிட்டில் இருந்தது. இவர்கள் அதற்கு இரண்டு மடங்குக்கும் மேலே. மறு ஆண்டு ஜூலையில் மலேசியப் புள்ளிவிவரத் துறை, அதே 2019-க்குப் புதிய கோடு ஒன்றை வெளியிட்டது: 2,208 ரிங்கிட். இப்போது இவர்கள் ஏழைகள். எட்டு வெள்ளி குறைகிறது. நாட்டின் இடைநிலைக் குடும்ப வருமானத்தில் பாதியைக் கோடாக எடுத்துக்கொள்ளும் இன்னொரு கணக்கும் அதே அறிக்கையில் உண்டு. அந்தக் கோடு ஏறக்குறைய 2,937 ரிங்கிட். அதிலிருந்து பார்த்தால் இவர்கள் எழுநூறு வெள்ளிக்கும் மேல் கீழே கிடக்கிறார்கள்.

சம்பளச் சீட்டு ஒன்றே. பதில் மட்டும் மூன்று. ஆளுக்கொரு பதிலைப் பிடித்துக்கொண்டு மூன்று கட்சிக்காரர்கள் மேடையேறினால் மூவரும் உண்மையைத்தான் சொல்வார்கள், மூவரும் மற்ற இருவரைப் பொய்யர் என்பார்கள். அரசியலில் எண்களை வைத்து நடக்கும் சண்டைகளில் பாதிக்கு மேல் இந்த ரகம் என்பது என் கணிப்பு. கூட்டல் கழித்தலில் யாரும் தப்புச் செய்வதில்லை. எதை எண்ணினோம், எந்தக் கோட்டுக்குக் கீழே எண்ணினோம், மொத்தம் எத்தனை பேரில் எண்ணினோம் என்ற மூன்று கேள்விகளுக்கும் ஆளுக்கொரு விடையை மனதில் வைத்துக்கொண்டு ஒரே சொல்லைப் புழங்குகிறார்கள்.

980 ரிங்கிட் என்ற கோட்டின் கதையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். நம் நாட்டில் இந்த வகைச் சண்டை இவ்வளவு வெளிப்படையாக நடந்து, எண் மாறியும் போனது அதில்தான்.

1970-இல் தீபகற்ப மலேசியாவில் வறுமை விகிதம் 49.3 விழுக்காடு, கிட்டத்தட்ட சரிபாதி. 2016-இல் நாடு முழுக்கவே அது 0.4 விழுக்காடாக, அதாவது 24,700 குடும்பங்களாகச் சுருங்கிவிட்டது என்று அரசு சொன்னது. உலகத்துக்கே எடுத்துக்காட்டு என்று மேடைகளில் முழங்கிய எண் அது. 2019 ஆகஸ்ட்டில் ஐக்கிய நாடுகள் சபையின் வறுமைக்கான சிறப்பு அறிக்கையாளர் ஃபிலிப் ஆல்ஸ்டன் வந்து பதினோரு நாள் சுற்றிப் பார்த்துவிட்டு, கோலாலம்பூரில் செய்தியாளர்களைக் கூட்டி, இந்தக் கோடு நம்பவே முடியாத அளவுக்குத் தாழ்வானது என்றார். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு 980 ரிங்கிட் என்றால் தலைக்கு ஒரு நாளைக்கு எட்டு வெள்ளி. அதில் சாப்பாடு, பஸ் கட்டணம், பள்ளிச் செலவு, விளக்குக் கட்டணம் அத்தனையும் அடங்க வேண்டும். உண்மையான வறுமை 16 முதல் 20 விழுக்காடு வரை இருக்கும் என்பது அவர் மதிப்பீடு. அன்றைய பொருளாதார விவகார அமைச்சர் அஸ்மின் அலி, எங்கள் கணக்கு அனைத்துலக முறைப்படிதான் போடப்பட்டது என்று மறுத்தார்.

இருவரில் யார் சரி? ஆல்ஸ்டன் சொன்னது சரி என்பதே என் முடிவு. ஆனால் அமைச்சர் சொன்னதும் தவறில்லை. முறை அனைத்துலக முறைதான். பழசாகிப் போனது, கோட்டைக் கணக்கிட எடுத்துக்கொண்ட பொருள் கூடை. அந்தக் கோட்டை மதிப்பிட எனக்குத் தெரிந்த எளிய வழி, அதைக் குறைந்தபட்சச் சம்பளத்தின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. 2016 ஜூலை முதல் தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரிங்கிட். தீபகற்பத்துக்கான வறுமைக் கோடு 960 ரிங்கிட். அதாவது, சட்டப்படி சம்பளம் வாங்கும் ஒரே ஒரு ஆள் வீட்டில் இருந்தால் போதும், சராசரிக் குடும்பம் ஒன்று ஏழையாக இருக்கவே முடியாது. வறுமை அங்கே ஒழிக்கப்பட்டது கோட்டை வரைந்த விதத்திலேயே. பாதிச் சம்பளத்துக்கு வேலை செய்பவர்களும், வேலையே இல்லாதவர்களும், சொந்தமாகக் கைத்தொழில் செய்து காலம் தள்ளுபவர்களும்தான் பெரும்பாலும் அங்கே அந்தக் கோட்டுக்குக் கீழே விழ முடிந்தது.

கோடு எப்படிப் போடப்படுகிறது? முதலில் ஓர் உணவுக் கூடை: குடும்பத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் வயதுக்கும் பாலுக்கும் தக்கபடி என்ன சாப்பாடு வேண்டும், அதற்கு அந்த ஊர் விலையில் எவ்வளவு ஆகும். அடுத்து உடை, வீடு, போக்குவரத்து போன்ற உணவல்லாத செலவுகள். இரண்டையும் கூட்டினால் கோடு. பழைய முறையில் உயிர் தரிக்கப் போதிய சக்தி கிடைத்தால் போதும் என்ற அளவில் கூடை இருந்தது. 2020-இல் அறிவித்த புதிய முறையில் ஆரோக்கியமான உணவு என்ற அளவுக்குக் கூடை உயர்ந்தது. உணவல்லாத பொருள்களின் பட்டியலும் நீண்டது. கோடு 980-இலிருந்து 2,208-க்குத் தாவியதற்குக் காரணம் விலைவாசி மட்டுமில்லை. "தேவை" என்ற சொல்லுக்கு அரசே வேறு பொருள் கொடுத்துவிட்டது. இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. 2,208 என்பது எல்லாருக்கும் பொதுவான ஒரே கோடில்லை. குடும்பத்துக்குக் குடும்பம் ஆள் கணக்கையும் வயதையும் ஊரையும் பார்த்துத் தனித்தனிக் கோடு போடுகிறார்கள். அவற்றின் சராசரிதான் 2,208. நான் மேலே சொன்ன தேயிலைத் தோட்டக் குடும்பத்துக்கு உண்மையில் வேறு எண் வரும். அவர்களுக்குக் குறைந்த அந்த எட்டு வெள்ளிக்கு அந்த அளவுக்குத்தான் மதிப்பு. ஆனாலும் மேடையில் ஒலிப்பது எப்போதும் சராசரிதான்.

வறுமைக் கோடு என்ற எண்ணம் பிறந்தபோதே இந்தத் தகராறும் கூடப் பிறந்துவிட்டது. இங்கிலாந்தின் யார்க் நகரில் சீபோம் ரௌண்ட்ரீ வீடு வீடாக விசாரித்து 1901-இல் நூல் வெளியிட்டார். நகர மக்களில் 27.84 விழுக்காட்டினர் வறுமையில் இருக்கிறார்கள் என்றார். அதற்குள்ளேயே இரண்டு வறுமை. எவ்வளவு சிக்கனமாகச் செலவழித்தாலும் வருமானம் பற்றாதவர்கள் 9.91 விழுக்காட்டினர். மற்றவர்களுக்கு வருமானம் கணக்கில் போதும், ஆனால் வேறு செலவுகளில் கரைந்து பார்வைக்கு ஏழைகளாகவே வாழ்கிறார்கள். யார்க்கில் ஏழைகள் பத்தில் ஒருவரா, நாலில் ஒருவரா? அவரவர் அரசியலுக்கேற்ற எண் ஒரே புத்தகத்தில் கிடைத்தது.

நம் புத்தகத்துக்கு வருவோம். 2020 ஜூலையில் வந்த அறிக்கையில், முழு வறுமை விகிதம் 2019-இல் 5.6 விழுக்காடு, குடும்பக் கணக்கில் 4,05,441. முந்தைய அறிக்கையின் 0.4-ஐ இதன் பக்கத்தில் வைத்தால், 2018-இல் ஆட்சி மாறியபின் வறுமை பதினான்கு மடங்கு ஏறிவிட்டது என்று ஒரு வாக்கியம் எழுதலாம். இரண்டு எண்ணும் அரசாங்க எண்கள்தான், வகுத்தலும் சரிதான். வாக்கியம் மட்டும் சுத்த அபத்தம். புள்ளிவிவரத் துறை நேர்மையாக ஒரு காரியம் செய்திருந்தது: புதிய முறையிலேயே 2016-க்கும் கணக்குப் போட்டுக் கொடுத்தது. அது 7.6 விழுக்காடு. ஆக ஒரே கோலால் அளந்தால் வறுமை 7.6-இலிருந்து 5.6-க்கு இறங்கியிருக்கிறது.

எவ்வளவு இறங்கியது என்பதிலும் சண்டைக்கு இடம் உண்டு. 7.6-இலிருந்து 5.6-ஐக் கழித்தால் இரண்டு. இதை "இரண்டு விழுக்காடு குறைந்தது" என்று எழுதுவதுதான் நம் பத்திரிகை வழக்கம். உண்மையில் அது இரண்டு விழுக்காட்டுப் புள்ளி. பழைய அளவோடு ஒப்பிட்டால், 7.6-இல் 2 என்பது நான்கில் ஒரு பங்குக்கும் சற்றுமேல். எனவே வறுமை 26 விழுக்காடு குறைந்தது. ஆளும் தரப்பு 26 என்பார்கள், எதிர்த்தரப்பு வெறும் 2 என்பார்கள். பெருந்தொற்றுக்குப் பிறகு 2022-இல் விகிதம் 6.2-க்கு ஏறியபோது கட்சிகள் இடம் மாறிக்கொள்ளலாம்: ஒருவருக்கு அது 0.6 புள்ளி, மற்றவருக்குக் கிட்டத்தட்ட 11 விழுக்காடு உயர்வு.

அதே அறிக்கையில்தான் எனக்குப் பிடித்த முரண் இருக்கிறது. முழு வறுமை குறைந்தது என்று பார்த்தோமா? ஒப்பீட்டு வறுமை அதே காலத்தில் 15.9-இலிருந்து 16.9-க்கு ஏறியிருக்கிறது. முழு வறுமை கேட்பது, இந்த வீட்டில் கூடை நிறையுமா என்று. ஒப்பீட்டு வறுமை கேட்பது, இந்த வீடு ஊரோடு ஒத்து வாழ முடியுமா என்று. நாட்டின் எல்லாக் குடும்பங்களையும் வருமானப்படி வரிசையில் நிறுத்தி, நட்டநடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானத்தை எடுத்து, அதில் பாதிக்கும் கீழே இருப்பவர்களை எண்ணுவது ஒப்பீட்டு வறுமை. எல்லார் வருமானமும் உயரும்போது நடுவிலிருப்பவர் வேகமாக உயர்ந்து, அடியிலிருப்பவர் மெதுவாக உயர்ந்தால், முதல் வறுமை இறங்கும், இரண்டாவது ஏறும். இரண்டும் ஒரே நாட்டில், ஒரே ஆண்டில், ஒரே துறையின் கணக்கில். ஆல்ஸ்டன் சொன்ன 16 முதல் 20 என்ற மதிப்பீடு இந்த இரண்டாவது எண்ணுக்குப் பக்கத்தில் வந்து உட்காருவதையும் கவனிக்கலாம். அவரும் அமைச்சரும் வேறு வேறு பொருளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பொருளுக்குப் பெயர் மட்டும் ஒன்று.

நம் தேயிலைத் தோட்டக் குடும்பத்தை 2022-க்குக் கொண்டுபோவோம். அந்த ஆண்டு மே மாதம் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ஆனது. இருவருக்கும் சேர்த்து 3,000. முழு வறுமைக் கோடு 2,589. தாண்டிவிட்டார்கள். இடைநிலைக் குடும்ப வருமானம் 6,338. அதில் பாதி 3,169. அதைத் தாண்டவில்லை. இப்போது இவர்கள் வறுமையிலிருந்து மீண்ட குடும்பமாகவும் வறுமையில் இருக்கும் குடும்பமாகவும் ஒரே நேரத்தில் இருக்கிறார்கள்.

இந்தியாவில் இது இன்னும் காரமாக நடந்தது. 2004-05-இல் வறுமை 27.5 விழுக்காடு என்று இருந்ததை, சுரேஷ் டெண்டுல்கர் குழு 2009-இல் முறையை மாற்றி 37.2 என்றது. 2011 செப்டம்பரில் திட்டக் கமிஷன் உச்ச நீதிமன்றத்தில், நகரத்தில் நாளொன்றுக்கு 32 ரூபாய், கிராமத்தில் 26 ரூபாய் என்ற கோட்டைச் சொல்லப்போய் நாடே கொதித்தது. பிறகு சி. ரங்கராஜன் குழு வந்தது. 2011-12-க்கு டெண்டுல்கர் முறையில் 21.9 என்றிருந்த விகிதத்தை அது 2014-இல் 29.5 என்றது. கோடிக்கணக்கான மக்கள் ஓர் அறிக்கைக்கும் அடுத்த அறிக்கைக்கும் இடையில் ஏழைகளானார்கள். அவர்கள் வீட்டு அடுப்புக்கு அது தெரியாது.

வருமானம் என்ற சொல்லும் லேசுப்பட்டதில்லை. புள்ளிவிவரத் துறை கணக்கிடுவது குடும்பத்தின் மொத்த வருமானம். கையில் வரும் பணம் மட்டுமில்லை. முதலாளி இலவசமாகவோ சலுகையாகவோ கொடுக்கும் சாப்பாடு, வீடு போன்றவற்றுக்கும் ஒரு பண மதிப்புப் போட்டு அதில் சேர்ப்பார்கள். பொருளியல்படி நியாயமான முறைதான். வாடகை கொடுக்காதவருக்கு அந்தப் பணம் மிச்சமல்லவா? ஆனால் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த வீட்டின் இன்னொரு பக்கமும் தெரியும். வேலை இருக்கும் வரைதான் வீடு. ஓய்வு பெறும் நாளில் வருமானமும் வீடும் சேர்ந்தே போகும். முப்பது வருடம் வருமானத்தில் ஏறிய வீடு, சொத்தாக ஒரு நாளும் ஏறாது. கோலாலம்பூரில் அதே மதிப்புள்ள தொகையைக் கடன் தவணையாகக் கட்டியவர் முப்பது வருட முடிவில் ஒரு வீட்டுக்குச் சொந்தக்காரர். ஆண்டு வருமானக் கணக்கில் இருவரும் சமம். இந்த இடத்தில் எனக்குப் புள்ளிவிவரத் துறையின் மேல் குறையில்லை. வருமானக் கணக்கை வாழ்க்கைக் கணக்காக வாசிப்பவர்கள் மேல்தான் குறை.

"குடும்பம்" என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். "நான் மூவாயிரம் வாங்குகிறேன், நான் பி40" என்று சொல்பவர்களை நிறையப் பார்க்கலாம். பி40 என்ற அடித்தட்டுப் பிரிவு தனியாளின் சம்பளத்தை வைத்து வகுத்ததில்லை, குடும்ப வருமானத்தை வைத்து வகுத்தது. 2019-இல் தனியாள் சம்பளத்தின் இடைநிலை 2,442 ரிங்கிட். குடும்ப வருமானத்தின் இடைநிலை 5,873 ரிங்கிட். முதலாவதை வைத்து "மலேசியன் சம்பாதிப்பது இவ்வளவுதான்" என்றும், இரண்டாவதை வைத்து "மலேசியன் சம்பாதிப்பது இவ்வளவு" என்றும் பேசுகிறார்கள். வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்டவர் சம்பாதிப்பது இடையில் விழுந்து காணாமல் போகிறது.

இந்த பி40 என்ற பிரிவைப் பற்றி ஒரு வார்த்தை. வருமானப்படி வரிசையில் நிறுத்தி, அடியிலிருந்து நாற்பது விழுக்காட்டை வெட்டினால் பி40. 2019-இல் அந்த வெட்டு 4,850 ரிங்கிட்டில் விழுந்தது. "பி40 மக்களின் எண்ணிக்கையைக் குறைப்போம்" என்று எந்தக் கட்சி சொன்னாலும் எனக்குச் சிரிப்பு வரும். வகுப்பில் கடைசிப் பத்து மாணவர்களே இல்லாமல் செய்வோம் என்று தலைமையாசிரியர் வாக்குறுதி கொடுப்பது மாதிரி அது. ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்கித்தான் ஆக வேண்டும். நாடே பணக்கார நாடாகிவிட்டாலும் நாற்பது விழுக்காட்டினர் பி40-இல்தான் இருப்பார்கள். தரத்தை அளப்பதற்கும் வரிசையில் இடத்தை அளப்பதற்கும் வித்தியாசம் தெரியாமல் திட்டங்களே தீட்டப்பட்டிருக்கின்றன.

அந்த வெட்டு நாடு முழுவதற்கும் பொதுவானது என்பதால் மாநிலத்துக்கு மாநிலம் அதன் பொருளும் மாறும். 2019-இல் பகாங்கின் இடைநிலைக் குடும்ப வருமானம் 4,440 ரிங்கிட். அது 4,850-க்குக் கீழே. எனவே பகாங் குடும்பங்களில் பாதிக்கு மேல் பி40-க்குள். சிலாங்கூரின் இடைநிலை 8,210. அங்கே பி40 சிறுபான்மை. கேமரன் மலை மாதிரி ஒரே மாவட்டத்துக்குத் தனியாக எண் கேட்டால் இன்னொரு சிக்கல். இது குடிக்கணக்கு போல ஒவ்வொரு வீடும் ஏறி எடுப்பதில்லை, மாதிரிக் கணக்கெடுப்பு. மாவட்டம் சிறுக்கச் சிறுக்க அதில் அகப்படும் வீடுகள் குறையும், பிழை வரம்பு விரியும். பிழை என்றதும் யாரோ தப்புச் செய்துவிட்டார்கள் என்று கிளம்பிவிடக் கூடாது. மொத்தத்தையும் எண்ணாமல் கொஞ்சத்தை எண்ணி மதிப்பிடுவதற்குக் கொடுக்கும் விலைக்குத்தான் அந்தப் பெயர்.

எண்ணில் தகராறு வர வாய்ப்பே இல்லாத இடம் தேர்தல் முடிவு என்று நினைப்போம். 2018 பொதுத்தேர்தலில் கேமரன் மலையில் ம.இ.கா.வின் சி. சிவராஜ் 10,307 வாக்குப் பெற்றார், ஜ.செ.க.வின் எம். மனோகரன் 9,710. "597 வாக்குப் பெரும்பான்மையில் வெற்றி" என்று நம் பத்திரிகைகள் எழுதின. அது முதல்வருக்கும் இரண்டாமவருக்கும் உள்ள இடைவெளி. ஐந்து பேர் போட்டியிட்ட தொகுதியில், பதிவான வாக்கில் பாதிகூட வென்றவருக்கு விழவில்லை. பிறகு நீதிமன்றம் வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டது என்று அந்தத் தேர்தலையே செல்லாததாக்கி, 2019 ஜனவரி இடைத்தேர்தலில் ரம்லி முகமட் நோர் வென்று மக்களவைக்குப் போன முதல் ஓராங் அஸ்லி ஆனது வேறு கதை.

நமக்கு நெருக்கமான எண்ணுக்கு வருகிறேன். சராசரியும் இடைநிலையும் ஒன்றென்று நினைப்பதால் மலேசியத் தமிழர்களுக்கு நேரும் கேடு அதில் இருக்கிறது.

ஒரு லயத்தில் ஐந்து வீடுகள். மாத வருமானம் 2,200, 2,600, 3,100, 3,600, 4,000. கூட்டி ஐந்தால் வகுத்தால் சராசரி 3,100. நடுவீட்டின் வருமானமும் 3,100. இதுவரை வம்பில்லை. கடைசி வீட்டுக்காரர் நான்கு லாரி வாங்கி, காய்கறி ஏற்றி இறக்கும் குத்தகை எடுத்து, 14,000 சம்பாதிக்கத் தொடங்குகிறார். சராசரி 5,100-க்குத் தாவுகிறது. ஐந்தில் நான்கு வீடுகள் சராசரிக்குக் கீழே போய்விட்டன, அவர்களில் ஒருவர் வருமானமும் ஒரு காசு குறையாமலே. நடுவீடு மட்டும் 3,100-இலேயே நிற்கிறது. "இந்த லயத்து மக்கள் சராசரியாக ஐயாயிரம் சம்பாதிக்கிறார்கள், இவர்களுக்கு எதற்கு உதவி?" என்று யாராவது கேட்டால் லாரிக்காரரைத் தவிர மற்றவர்களுக்கு ஆத்திரம் வரும்.

2019-இல் இந்தியர் குடும்பங்களின் சராசரி வருமானம் 8,216 ரிங்கிட். நாட்டுச் சராசரி 7,901. பூமிபுத்ராக்களின் சராசரி 7,093. இந்த மூன்று எண்களையும் வரிசையாக அடுக்கிவிட்டு, இந்தியர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்று முடிப்பது எளிது. அப்படி முடிப்பவர்கள் எல்லாக் கட்சியிலும் உண்டு. இடைநிலையைப் பாருங்கள்: இந்தியர் 5,981, நாடு 5,873. முன்னூற்றுச் சொச்சம் வெள்ளி வித்தியாசம் நூற்றெட்டு வெள்ளியாகிவிட்டது. சராசரியை இடைநிலையால் வகுத்துப் பார்த்தால் உள்ளே நடப்பது இன்னும் தெளிவாகும். பூமிபுத்ராக்களுக்கு 1.31, சீனர்களுக்கு 1.34, இந்தியர்களுக்கு 1.37. இந்த எண் பெரிதாக இருந்தால் மேலே இருக்கும் சிலர் சராசரியை அதிகமாக இழுத்துப் பிடிக்கிறார்கள் என்று பொருள். மூன்று பெரிய சமூகங்களில் லாரிக்காரர் விளைவு நம்மிடம்தான் அதிகம். பெட்டாலிங் ஜெயாவின் வழக்கறிஞரும் மருத்துவரும், லயத்து ஆயாவும் "இந்தியர்" என்ற ஒரே சொல்லுக்குள் இருப்பதால் நேர்வது இது.

இடைநிலையை எடுத்தாலும் முழுசாகத் தப்ப முடியாது. இந்தியர்கள் பெரும்பாலும் தீபகற்பத்தின் மேற்குக் கரையில், அதிலும் சிலாங்கூரில் அதிகமாக வாழ்கிறார்கள். வருமானமும் அதிகம், வாடகையும் அதிகம். பூமிபுத்ரா என்ற பிரிவில் கிளந்தான் கம்பங்களும் சபாவின் உள்நாட்டு ஊர்களும் அடக்கம். 2019-இல் கிளந்தானின் இடைநிலை 3,563, சபாவினுடையது 4,235. இரண்டு சமூகங்களை ஒப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, பாதிக்கு மேல் இரண்டு நிலப்பகுதிகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்கலாம். ஒரே ஊரில், ஒரே வயதில், ஒரே படிப்புள்ளவர்களை எதிரெதிரே வைக்காமல் இனங்களின் சராசரியை அடுக்குவது நம் அரசியலின் தீராத நோய்.

இதிலேயே ஊறிய ஒரு சண்டை 2006-இல் நடந்தது. ஒன்பதாவது மலேசியத் திட்டத்தில், 2004-இல் நிறுவனப் பங்குகளில் பூமிபுத்ராக்களின் கை 18.9 விழுக்காடு, இந்தியர்களின் கை 1.2 விழுக்காடு என்று இருந்தது. 'அஸ்லி' (ASLI) என்ற ஆய்வுக் கழகத்தின் கொள்கை மையத்தில் லிம் தெக் கீ தலைமையில் செய்த ஆய்வு, பூமிபுத்ரா பங்கு 45 விழுக்காடு என்றது. பெரும் கூச்சல். கழகத் தலைவர் மிர்சான் மகாதீர் அந்த ஆய்வைக் கைவிட்டார். லிம் பதவி விலகினார்.

இரண்டு எண்ணுக்கும் இடையே இவ்வளவு பெரிய பள்ளம் எப்படி? அரசு பங்கின் முகமதிப்பைக் கணக்கிட்டது. ஒரு வெள்ளிக்கு வெளியிட்ட பங்கு சந்தையில் பத்து வெள்ளிக்கு விற்றாலும் அது ஒரு வெள்ளிதான். ஆய்வு சந்தை மதிப்பைக் கணக்கிட்டது. அரசு பதிவான ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களை எடுத்தது, அதில் பெட்டிக்கடை அளவு நிறுவனமும் உண்டு. ஆய்வு பங்குச் சந்தையில் பட்டியலிட்ட ஏறத்தாழ ஆயிரத்தை எடுத்தது. அரசு சார்ந்த பெருநிறுவனங்களில் எழுபது விழுக்காட்டைப் பூமிபுத்ரா கணக்கில் ஆய்வு சேர்த்தது. அந்த எழுபதுதான் எனக்கு ஆய்வின் பலவீனமான கால் என்று படுகிறது, அது எண்ணியதில்லை, அனுமானம். முகமதிப்பை விடாமல் பிடித்துக்கொண்டது அரசின் பலவீனம். இதையெல்லாம் மேசையில் போட்டுப் பேசியிருந்தால் நாட்டுக்கே ஒரு நல்ல பாடமாகியிருக்கும். பேசியதெல்லாம் எண்ணைச் சொன்னவர் யார் என்பதைப் பற்றித்தான்.

கடைசியாக, எந்தக் கோட்டுக்கும் மேலேயோ கீழேயோ இல்லாதவர்கள். 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் கேமரன் மலையில் போ தோட்டத்தைத் திறந்தபோது காட்டை வெட்டியதிலும் கொழுந்து எடுத்ததிலும் தமிழர் கைகள் நிறைய. இன்று பிரிஞ்சாங் பக்கத்து தேயிலைச் சரிவுகளிலும் காய்கறித் தோட்டங்களிலும் வேலை செய்பவர்களில் வங்காளதேசம், இந்தோனேசியா, நேப்பாளம், மியன்மார் ஆட்களைத்தான் எங்கும் பார்க்கலாம். அவர்கள் எடுக்கும் கொழுந்து நாட்டின் உற்பத்திக் கணக்கில் ஏறும். அந்த உற்பத்தியைத் தலைக்கு இவ்வளவு என்று வகுக்கும்போது அவர்கள் தலையும் எண்ணப்படும். குடும்ப வருமானக் கணக்கெடுப்பு மட்டும் குடிமக்களின் குடும்பங்களைத்தான் எடுக்கிறது. எனவே 5.6 விழுக்காட்டிலும் சரி, 16.9 விழுக்காட்டிலும் சரி, அவர்கள் ஏழைகளின் எண்ணிக்கையிலும் இல்லை, அதை வகுக்கும் மொத்தத்திலும் இல்லை. ஆல்ஸ்டன் இதையும் சொன்னார். 980 ரிங்கிட்டைப் பற்றிய கூச்சலில் அது யார் காதிலும் ஏறவில்லை, புதிய கோடு போட்டபோதும் அது மாறவில்லை.

குடிமக்கள் என்ற வேலிக்கு வெளியே நிற்பவர்கள் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் மட்டுமில்லை. சுதந்திரத்துக்குப் பிறகும் குடியுரிமைக் காகிதம் கைக்கு வராமல், சிவப்பு அடையாள அட்டையோடு தோட்டங்களில் மூப்படைந்த தமிழர்கள் உண்டு. அறுபது வருடம் இந்த நாட்டிலேயே உழைத்திருந்தாலும் அந்த அட்டையின்படி அவர்கள் நிரந்தரவாசிகள், குடிமக்கள் இல்லை.